மூன்றாம் ஓலை

எபனேசருக்கு வயது முப்பத்திரண்டு, உயரம் ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. அவனை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார வைத்தால் முழங்கால் எங்கே போகும்? நெஞ்சுக்குத்தான் வரும். இலுப்பைக்குளம் சவேரியார் கோயிலின் மறைக்கல்வி வகுப்பில் நான்கு மாதமாக, ஞாயிறு தவறாமல், அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். "அங்கிள், போர்டு மறைக்கி" என்று பின்னால் இருந்த பிள்ளைகள் முதுகில் பென்சிலால் குத்தினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாடம் நடத்திய டீச்சர், அவன் கட்டிக்கொள்ளப் போகிற அமலி.

"ஏழு அருட்சாதனங்களும் எதெல்லாம்? எபனேசர், எந்திரிச்சுச் சொல்லுங்க" என்பாள் அவள், முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல்.

"திருமணம்" என்பான் அவன்.

"மத்த ஆறு?"

மற்ற ஆறு சடங்குகளும் அவனுக்கு எந்தக் காலத்திலும் வரிசையாக வந்ததில்லை. பிள்ளைகள் ஆறையும் கூச்சல் போட்டுச் சொல்வார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு முழங்காலை மடக்கி உட்காருவான்.

வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், இவனும் கிறிஸ்தவன், அவளும் கிறிஸ்தவள், இதில் என்ன தகராறு என்று. திருநெல்வேலிக்காரனிடம் வந்து அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும். எபனேசர் வீடு பரம்பரையாக சி.எஸ்.ஐ. அமலி வீடு பரம்பரையாக ஆர்.சி. இரண்டு வீட்டிலும் ஒரே இயேசுவின் படம்தான் தொங்குகிறது. ஆனாலும் இந்தப் பக்கத்துப் பெண்ணை அந்தப் பக்கம் கொடுப்பதற்குள் தாமிரபரணியில் ரெண்டு வெள்ளம் வந்து வடிந்துவிடும். இவர்கள் விஷயத்தில் மூன்று வருடம் ஆயிற்று.

வண்ணார்பேட்டையில் எபனேசருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே கண்ணாடி மாற்ற வந்தவள்தான் அமலி. அவளுக்கு நாலு ஃப்ரேம் எடுத்துக் காட்டினான். ஐந்தாவதைத் தலைகீழாக நீட்டினான். அதற்குப் பிறகு அவள் கண்ணாடியின் திருகாணி மாதத்துக்கு இரண்டு தரம் கழன்றது. அத்தனை திருகாணிகளையும் அவள் தானேதான் கழற்றினாள் என்பது பின்னால் தெரிந்தது.

தடையெல்லாம் எபனேசரின் அம்மா சாராளிடம். ரிட்டையர்ட் தலைமையாசிரியை. அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அது சுற்றறிக்கை. கல்யாணம் அமலி கோயிலில்தான், மகனும் அந்தப் பக்கம் சேரப் போகிறான் என்று கேட்டதும் அவர் அழவில்லை, கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தக் கோயில்ல ஒனக்குன்னு யாருலே இருக்கா? ஒரு கஷ்டம்னா ஒன் தோளத் தொட்டு என்னன்னு கேக்க ஒரு ஆளு உண்டா அங்கன?"

மூன்று வருடத்துக்குப் பிறகு ஒருவழியாகச் சரி என்றார். அதிலும் ஒரு கொக்கி இருந்தது. "நாள் குறிச்சாச்சு. நான் குறுக்க நிக்கல. ஆனா நடுவுல ஒரு தடங்கல் வந்துச்சுன்னா, அது கர்த்தர் சொல்லுத பதில்னு எடுத்துக்கிடுவேன். அதுக்கு மேல என்ட்ட கேக்கக் கூடாது."

குறித்த நாள் சாம்பல் புதனுக்கு முந்தின திங்கள். புதன் வந்துவிட்டால் தவக்காலம், ஈஸ்டர் முடியும்வரை அந்தக் கோயிலில் கல்யாணம் கிடையாது. தள்ளிப்போனால் சாராள் மனசு கல்லாகிவிடும். எபனேசருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் முதுகில் பென்சில் குத்தையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தான்.

கோயிலை நடத்தும் பங்குச் சாமி ததேயு நல்ல மனுஷர். "ஒமக்கு ஞானஸ்நானம் உங்க கோயில்ல ஆயிட்டு. அது எங்களுக்கும் செல்லும். பாவசங்கீர்த்தனம் செய்யணும், உறுதிபூசுதல் வாங்கணும், நற்கருணை வாங்கணும். ஆயர் வருதாரு, பிள்ளைகளோட சேந்து வாங்கிக்கிடும்" என்றார்.

"சரிங்க ஐயரே" என்றான் எபனேசர். அவன் கோயிலில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இங்க சாமின்னு சொல்லணும்."

"சரிங்க சாமி ஐயரே."

பாவசங்கீர்த்தனம் என்றதும் அவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடவுளிடம் நேராகச் சொல்லிப் பழகியவன், ஒரு மனுஷரின் காதில் எப்படிச் சொல்வது? பாவத்தையெல்லாம் பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டு போனான். முழங்கால் போட்டதும் பட்டியல் மறந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் ஞாபகத்தில் நின்றது.

"சாமி, பொய் சொல்லிருக்கேன். கடைக்கு வாரவங்கட்ட 'இந்த ஃப்ரேம் உங்க மூஞ்சிக்கு எடுப்பா இருக்கு'ன்னு."

"எத்தன தடவ?"

"கடை தொறந்து ஒம்போது வருசம் ஆச்சு சாமி."

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சாமி பைய இருமினார். அவர் மூக்கில் இருந்ததும் எபனேசர் கடை ஃப்ரேம்தான். மூன்று 'அருள்நிறை மரியே' சொல்லச் சொன்னார். அந்த ஜெபம் அவனுக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. போனைத் தேடி எடுத்து, பார்த்துப் படித்தான். இரண்டாவது தரம் படிக்கும்போது திருநெல்வேலி டவுணிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டுவிட்டார். கட் பண்ணிவிட்டு முதலிலிருந்து படித்தான். ஆக நான்கு ஆயிற்று. பாவத்துக்கு மேல் ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

இந்த இடத்தில் முத்துராணியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இலுப்பைக்குளத்தில் இருபது வீடுகள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் ஜெபம் சொல்வார்கள், அதற்கு அன்பியம் என்று பேர். அமலி வீடு இருக்கும் அன்பியத்துக்குத் தலைவி முத்துராணி. எந்த வீட்டில் யாருக்கு ஞானஸ்நானம் பாக்கி, யார் பூசைக்கு வராமல் டி.வி. பார்த்தார் என்பதெல்லாம் அவள் விரல்நுனியில். அப்படிப்பட்டவளுக்குக் கண்தான் கொஞ்சம் மங்கல். காலமாகிப்போன புருஷனின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாரையும் ஒரு சாயலாகத்தான் பார்த்துவந்தாள். பெண் வீட்டுப் பக்கத்தில் ஒரு பெரிய மனுஷியின் தயவு இருக்கட்டும் என்று எபனேசர் அவளுக்குச் சோதனை பண்ணி, தங்க நிற ஃப்ரேமில் புதுக்கண்ணாடி செய்து தருவதாகச் சொன்னான். தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொண்டான் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

மறைமாவட்டத்துக்கே தலைவரான ஆயர் வந்த ஞாயிறு. உறுதிபூசுதல் வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராகப் பீடத்துக்கு முன்னால் போக வேண்டும். பின்னால் ஞானத்தகப்பனோ ஞானத்தாயோ நின்று வலது கையைத் தோளில் வைக்க வேண்டும். அப்போதுதான் ஆயர் நெற்றியில் தைலம் பூசுவார். எபனேசருக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் அமலியின் தாய்மாமா அந்தோணிமுத்து. தங்கமான மனுஷர். ஆனால் ஆயருக்கு மதியச் சாப்பாடும் அவர் பொறுப்புதான். ஒரு மனுஷனிடம் ஞானத்தையும் ஆட்டுக்கறியையும் சேர்த்து ஒப்படைக்கலாமா?

உயர வரிசையில் எபனேசர் கடைசி. முன்னால் இருந்த இருபத்தாறு பிள்ளைகளில் இருபத்துநாலு பேர் முடிந்து, அவன் முறை வருவதற்கு இரண்டு பேர் பாக்கி இருக்கும்போது கோயிலுக்குப் பின்னாலிருந்து ஒரு வாடை வந்தது. அந்தோணிமுத்து மூக்கை உறிஞ்சினார்.

"மாப்ள, அடிப்பிடிக்கி. ஒரு நிமிசம்" என்றார். போயேவிட்டார்.

எபனேசர் ஆயர் முன்னால் போய் நின்றான். ஆயர் நிமிர்ந்து பார்த்தார். அவன் குனிந்தான். அப்போதுதான் தோள் வெறுமையாக இருப்பது உறைத்தது. தோளில் கை இல்லாமல் தைலம் இல்லை என்று நான்கு மாதம் படித்திருக்கிறான். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு மட்டும்தான் அவனுக்கு முழு மார்க். திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஆயரின் கட்டைவிரல் தைலத்தோடு அந்தரத்தில் நின்றது.

பிள்ளைகளை வரிசை பிரியாமல் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்ற அமலி இதைப் பார்த்தாள். யோசிக்கவே இல்லை. இரண்டே எட்டில் வந்து, எக்கி, அவன் தோளில் கையை வைத்தாள்.

ஆயர் தைலம் பூசினார். பத்து நொடியில் முடிந்துவிட்டது. அந்தக் கை பட்டதும் அவனுக்கு உடம்பில் இருந்த பதற்றமெல்லாம் வடிந்துபோனது. அதைப் பரிசுத்த ஆவி என்று நினைத்தானா, அமலி என்று நினைத்தானா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்த அந்தோணிமுத்து, "கறி தப்பிச்சிட்டு" என்றார். ஆயர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். எல்லாம் சுபம்.

அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரைச் சொல்லி, "இவர்களுக்குத் திருமணத் தடை ஏதும் இருப்பதை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று அறிவிப்பதுதான் ஓலை. ததேயு சாமி அதை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, தொலைந்த சைக்கிள் சாவி அறிவிப்புக்குப் போய்விடுவார். அந்தக் கோயிலில் அதைக் கேட்டு யாரும் எழுந்து நின்றதாகச் சரித்திரம் இல்லை. இரண்டாம் ஓலையும் அப்படியே போயிற்று.

சனிக்கிழமை இரண்டு காரியம் நடந்தது. எபனேசர் புதுக்கண்ணாடியைக் கொண்டுபோய் முத்துராணியிடம் கொடுத்தான். அவள் மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தாள். "யய்யா! எதுத்த வீட்டுக் கொடியில காயுத சேலையில கறை இருக்கதுகூடத் தெரியுதுலே!" என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே, மூன்று வாரமாக இழுத்தடித்த போட்டோக்காரர் உறுதிபூசுதல் படங்களைப் பங்கு வாட்சப் குழுவில் கொட்டினார். நூற்றுப் பன்னிரண்டு படம். முத்துராணி ஒன்றுவிடாமல் பெரிதாக்கிப் பார்த்தாள்.

மறுநாள் மூன்றாம் ஓலை. அந்தப் பூசைக்கு சாராள் வந்திருந்தார். மகனின் புதுக்கோயிலுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்து, எழுந்துபோக வசதியாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எபனேசருக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். நாளைக் காலை கல்யாணம். இன்னும் ஒரு ஓலைதான். ஒரே மூச்சு.

"...தடை ஏதும் இருப்பதை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். சைக்கிள் சாவி ஒன்று..."

"இருக்கு சாமி."

முத்துராணி எழுந்து நின்றிருந்தாள். தங்க ஃப்ரேம் மின்னியது. கையில் போன்.

"என்ன, ஒங்க சாவியா?" என்றார் சாமி.

"சாவியில்ல சாமி. தடை. இந்த மாப்பிள பொண்ணுக்கு மகன் முறை வாரான்."

கோயிலில் கைவிசிறிகள்கூட நின்றுவிட்டன.

"படத்தப் பாருங்க. ஆயர் தைலம் பூசுதாரு. தோள்ல இருக்கது யாரு கை? அமலி கை. மோதிரம்கூடத் தெரியுது. அப்பம் அவ இவனுக்கு ஞானத்தாயி. ஞானத்தாயிக்கு மகன் தாலி கட்டலாமா? ஓலையில கேக்கிய, கடமைன்னு சொல்லுதிய. நான் சொல்லாட்டா பாவம் எனக்குத்தானே?"

எபனேசர் அந்தக் கண்ணாடியைப் பார்த்தான். லென்ஸைத் தேய்த்தது அவன் கைதான். எவ்வளவு சுத்தமாகத் தேய்த்திருக்கிறான்!

சாமி அந்தோணிமுத்துவைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அவர் எழுந்து, "கறி அடிப்பிடிச்சிட்டு சாமி. ஆயருக்குக் கருகுன கறிய வைக்க முடியுமா?" என்றார். முடியாது என்று பாதிப் பேரும், ஞானத்தை விடக் கறி பெரிதா என்று பாதிப் பேரும் பேசத் தொடங்கினார்கள்.

"அமைதி, அமைதி" என்றார் சாமி. "அந்தக் காலத்துல அப்படி ஒரு சட்டம் இருந்துச்சு, உள்ளதுதான். அத எடுத்து நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. இப்பம் ஞானஉறவு கல்யாணத்துக்குத் தடையில்ல."

"எங்க எடுத்தாவ?" என்றாள் முத்துராணி.

"ரோமாபுரியில."

"ரோமாபுரியில எடுத்தா சரி. இலுப்பைக்குளத்துல எடுத்தாவளா? அதுக்கு ஓலை வாசிச்சாவளா?"

முத்துராணி விரலை மடக்கினாள். "கணக்கப் பாருங்க. அமலி இவனுக்கு அம்மை. அமலியப் பெத்தவ இவனுக்கு ஆச்சி. நாளைக்கு ஒரு பிள்ள பொறக்கும். அது இவனுக்குப் பிள்ளையா, தம்பியா?"

கோயில் முழுக்க அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. அந்தோணிமுத்து விரல்விட்டு எண்ணி, "அப்பம் நான் இவனுக்குத் தாத்தாவா?" என்று கவலையோடு கேட்டார்.

எபனேசர் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தான். சாராள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். முடிந்தது. தடங்கல் வந்துவிட்டது, கர்த்தர் பதில் சொல்லிவிட்டார், அதுவும் மைக் வைத்துச் சொல்லிவிட்டார். மூன்று வருடம், நான்கு மாதம், இருபத்தாறு பென்சில்.

அப்போது அமலி எழுந்தாள். வகுப்பில் பேசுகிற அதே குரல்.

"முத்துராணி அக்கா, ஞானத்தாயோட கடமை என்ன? நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்திய?"

முத்துராணி நிமிர்ந்தாள். தெரிந்த கேள்வி. "பிள்ளைய விசுவாசத்துல வளக்கணும். சாகுத மட்டும் கைவிடக் கூடாது. தடுமாறுனா தாங்கிப் பிடிக்கணும்."

"இவருக்கு 'அருள்நிறை மரியே' இன்னும் போனப் பாத்துத்தான் சொல்லத் தெரியும். ஏழு அருட்சாதனத்துல ஒண்ணுதான் வரும். இவர வளக்கணும்னா ஞாயித்துக்கிழம ஒரு மணி நேரம் போதுமா? கூடவே இருந்தாத்தான் ஆகும். சாகுத மட்டும் கைவிடக் கூடாதுன்னா, ஒரே வீட்டுல இல்லாம எப்படிக்கா?"

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி, கோயில் முழுக்கப் பரவியது. சாமி பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. முத்துராணி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, யோசித்தாள்.

"அப்பம் முறைய முறையாச் செய்யணும். கல்யாணத்துக்கு முந்தி மாப்பிள ஞானத்தாயிட்ட முழங்கால் போட்டு ஆசீர்வாதம் வாங்கணும். ஞானத்தாயி புதுவேட்டி குடுக்கணும். செய்வியளா?"

"நான் பத்து தடவ போடுதேன் முழங்கால்" என்று எபனேசர் கத்திவிட்டான்.

"ஒரு தடவ போதும். அளவாப் போடு."

"ஒரு நிமிசம்." கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. தலைமையாசிரியைக் குரல். கோயிலே நேராக உட்கார்ந்தது. சாராள் நடுவழியில் நடந்து வந்தார். மகனைப் பார்க்கவே இல்லை. நேராக முத்துராணியிடம் போய், "அந்தப் படத்தக் காட்டுங்க" என்றார்.

போனை வாங்கினார். தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். கண்ணாடிக் கடைக்காரனின் அம்மா கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். முத்துராணி தன் தங்க ஃப்ரேமைக் கழற்றி நீட்டினாள்.

சாராள் மாட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். படத்தில் எபனேசர் மிரள மிரள விழிக்கிறான். குட்டையான ஒரு பெண், குதிகால் தரையில் படாமல் எக்கி, அவன் தோளைப் பிடித்திருக்கிறாள்.

"யாராவது சொல்லிக் கைய வச்சாளா? தானாவா?" என்று கேட்டார்.

"தானாத்தான்" என்றாள் முத்துராணி. "அந்நேரம் வேற ஆளு இல்லல்லா."

சாராள் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். முன்வரிசையில் இடம் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். "ஐயரே, மிச்சத்த வாசிங்க" என்றார். சாமி திருத்தவில்லை. சைக்கிள் சாவியை வாசித்தார்.

மறுநாள் காலை, சவேரியார் கோயில் வாசலில், பட்டுவேட்டியோடு எபனேசர் முழங்கால் போட்டான். கல்யாணச் சேலையில் இருந்த அமலி ஒரு தட்டில் புதுவேட்டியைக் கொடுத்து, அவன் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்தாள். முழங்கால் போட்ட பிறகுதான் அவன் அவள் உயரத்துக்கு வந்தான். "சிரிச்சிராதிய, அக்கா பாக்காவ" என்று உதட்டை அசைக்காமல் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு உள்ளே போய், சாமி கேட்டதற்கெல்லாம் ஆம் ஆம் என்று சொல்லி, தாலி கட்டினான்.

பூசை முடிந்து படம் எடுக்கும் நேரம். மாப்பிள்ளை, பெண், மாமா, அன்பியம் என்று வரிசையாக எடுத்து முடித்தார்கள். சாராள் முன்னால் வந்தார்.

"எபனேசர், நீ தள்ளு" என்றார்.

"எம்மா?"

"தள்ளுலேங்கேன். இவனுக்கு ரெண்டு அம்மை ஆயிட்டு. ரெண்டு அம்மைமாரும் சேந்து ஒரு படம் எடுக்கணும். ஏட்டி, இங்கன வா."

போட்டோக்காரர் பாட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். அதனால் முத்துராணி தன் போனை நீட்டிப் பிடித்தாள். எபனேசர் தன் கல்யாணத்தில் தானே ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தான். அமலி கூச்சத்தோடு வந்து நின்றாள். சாராள் அவளுக்குப் பின்னால் நகர்ந்து, வலது கையை எடுத்து, அவள் தோளில் வைத்தார்.

முத்துராணி போனைக் கொஞ்சம் இறக்கினாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தாள். கோயில் பார்த்தது, சாமி பார்த்தார், எபனேசர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

முறைக் கணக்குப் போட ஒரு விரலை மடக்கினாள், பிறகு நிமிர்த்திக்கொண்டாள். படத்தை மட்டும் எடுத்தாள்.